ஓசூர் அமைச்சரின் பதவியைப் பறித்த பாகலூர் வழக்கு

2019 ஜனவரி 7, திங்கட்கிழமை. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் சென்னை சிறப்பு நீதிமன்றம், அப்போதைய விளையாட்டு மற்றும் இளைஞர் நலத்துறை அமைச்சர் பாலகிருஷ்ண ரெட்டிக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. வழக்கு 1998-ல் பதிவானது. ஓசூரை அடுத்த பாகலூரில் கள்ளச்சாராய விற்பனையைக் கண்டித்து நடந்த மறியல் கலவரமாக மாறி, பேருந்துகள் மீது கல் வீசப்பட்டதாகச் சொல்லும் வழக்கு. தீர்ப்பு வந்த அன்றே அவர் முதல்வர் எடப்பாடி பழனிசாமியைச் சந்தித்து ராஜினாமா கடிதத்தைக் கொடுத்தார். அவருடைய துறை செங்கோட்டையன் கைக்குப் போனது. ஓசூர் தொகுதி காலியானது.

நாலரை ஆண்டுகள் கழித்து, 2023-ல், சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து அவரை விடுவித்தது. அதற்குள் அவர் வகித்த துறை, அவர் உட்கார்ந்திருந்த சட்டமன்றம், அவருடைய கட்சியின் ஆட்சி எல்லாமே முடிந்துபோயிருந்தன.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்த வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கேள்விகள் வரும். மறியலில் கல் வீசியதற்கெல்லாமா அமைச்சர் பதவி போகும்? விடுதலை ஆகிவிட்டார் என்றால் போனது ஏன் திரும்பி வரவில்லை? இரண்டுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் சட்டத்தை மட்டும் படித்தால் கதை புரியாது. ஓசூரின் அரசியலையும், 90-களின் எல்லையோர ஊர்களையும், நம் நீதிமன்றங்களின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஓசூர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. ஒரு பக்கம் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் ராகியும் ரோஜாவும் விளையும் கிராமங்கள். சென்னை அரசியலின் அலை இங்கே அப்படியே அடிப்பதில்லை. மாநிலம் முழுக்கத் திராவிடக் கட்சிகள் மாறி மாறி ஜெயித்த காலத்திலும் ஓசூர் பெரும்பாலும் காங்கிரஸ் கையில்தான் இருந்தது. 2001, 2006, 2011 என்று மூன்று தேர்தல்களில் காங்கிரஸின் கே.கோபிநாத் தொடர்ந்து வென்றார். 2011-ல் காங்கிரஸ் தமிழகம் முழுவதிலும் வென்றது வெறும் 5 தொகுதிகள். அதில் ஓசூரும் ஒன்று என்றால் இந்த ஊரின் குணம் புரியும்.

அந்த ஊரில் அதிமுகவுக்காக இடம் பிடித்தவர் பாலகிருஷ்ண ரெட்டி. 2011 உள்ளாட்சித் தேர்தலில் ஓசூர் நகராட்சித் தலைவரானார். தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, பட்டா என்று ஜனங்கள் தினமும் வந்து நிற்கும் பதவி சேர்மன் பதவி. அதில் அறிமுகமான முகத்தோடு 2016 சட்டமன்றத் தேர்தலில் நின்று கோபிநாத்தைத் தோற்கடித்தார். முதல்முறை எம்.எல்.ஏ. ஆனவரை ஜெயலலிதா நேராக அமைச்சரவைக்குக் கொண்டுபோய், கால்நடை பராமரிப்புத் துறையைக் கொடுத்தார். ஓசூர்க்காரருக்கு அந்தத் துறை பொருத்தமானதுதான். ஊரை ஒட்டிய மத்திகிரியில் ஆங்கிலேயர் காலத்தில் குதிரைப்படைக்காகத் தொடங்கப்பட்ட பெரிய கால்நடைப் பண்ணை அந்தத் துறையின் கீழ்தான் வருகிறது.

2017 ஆகஸ்டில் எடப்பாடி பழனிசாமி அணியும் ஓ.பன்னீர்செல்வம் அணியும் இணைந்தபோது துறைகள் கைமாறின. கால்நடைத் துறை உடுமலை ராதாகிருஷ்ணனுக்குப் போனது. செங்கோட்டையனிடமிருந்த விளையாட்டுத் துறை பாலகிருஷ்ண ரெட்டிக்கு வந்தது. கணக்குப் பார்த்தால் நகராட்சியிலிருந்து அமைச்சரவைக்கு ஐந்தே ஆண்டுகள். இந்த வேகத்துக்குக் காரணம் அவருடைய உழைப்பு மட்டுமல்ல. கட்சிக்கு அசையாத ஒரு தொகுதியை வென்று கொடுத்தவருக்குத் தலைமை செய்யும் மரியாதையும் அதில் இருந்தது. கர்நாடக எல்லையில் தெலுங்கு பேசும் மக்களிடம் கட்சியைக் கொண்டுசேர்க்க ஒரு முகம் தேவைப்பட்டது.

இந்த வளர்ச்சி முழுவதற்கும் பின்னால் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சேர்மன் ஆனபோதும் இருந்தது, எம்.எல்.ஏ. ஆனபோதும் இருந்தது.

பாகலூர், ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் கர்நாடகம். இப்போது அது கிருஷ்ணகிரி மாவட்டம். 1998-ல் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். வழக்கு பதிவானபோது பாகலூருக்குத் தர்மபுரிதான் தலைநகரம், சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால். இந்த வழக்குக்கு இப்போதைய மாவட்டத்தைவிட வயது அதிகம்.

அன்றைய எல்லையோர ஊர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மலிவு விலை சாராயத்தை 1991-ல் ஜெயலலிதா அரசு நிறுத்திவிட்டது. கர்நாடகத்திலோ சாராயம் அரசு உரிமத்தோடு விற்கப்பட்டது. அங்கே அதற்குத் தடை வந்தது 2007 ஜூலையில்தான். ஆக, 90-கள் முழுக்க எல்லைக்கு இந்தப் பக்கம் சாராயம் குற்றம், அந்தப் பக்கம் வியாபாரம். இடையில் இருப்பதோ வயல்வெளியும் வண்டித்தடமும். பாக்கெட் சாராயம் இந்தப் பக்கம் வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. காய்ச்சி விற்பவர்களும் இருந்தார்கள். குடித்துக் குடும்பத்தைத் தொலைத்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். கள்ளச்சாராயத்துக்கு எதிராக எல்லையோர ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்றால் அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. மதுவிலக்கு என்பது இந்த மண்ணுக்குப் புதிய பேச்சும் இல்லை. பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்று ஓசூரும் தர்மபுரியும் அந்த மாவட்டத்துக்குள் இருந்தன.

கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதற்காகப் பேருந்து மீது கல் வீசியது சரியாகிவிடாது. தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 2000 பிப்ரவரி 2-ல், கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்த அன்று, தர்மபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். சுற்றுலா வந்த மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்தார்கள். தூக்குத் தண்டனை பெற்ற மூவரும், அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 2018 நவம்பரில் விடுதலையானார்கள். பாகலூரில் யாரும் சாகவில்லை, அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனாலும் அரசியல் ஆத்திரத்தைப் பேருந்து மீது காட்டும் வழக்கம் எங்கே போய் நிற்கும் என்பதைப் பார்த்த மாவட்டம் இது. அதனால் ‘சும்மா கல்வீச்சு கேஸ்தானே’ என்று நான் எழுத மாட்டேன். பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்தால் தண்டனை உண்டு என்ற சட்டம் தேவைதான்.

என் வருத்தம் வேறு. அந்தத் தண்டனையோ விடுதலையோ எப்போது வந்திருக்க வேண்டும்?

நூறு பேருக்கு மேல் குற்றம்சாட்டப்பட்ட வழக்கு அது. அத்தனை பேரையும் ஒரே நாளில் நீதிமன்றத்தில் நிறுத்துவதே பெரும்பாடு. ஒருவர் வராவிட்டால் வாய்தா. சாட்சி வராவிட்டால் வாய்தா. நீதிபதி மாறினால் திரும்பவும் வாய்தா. இப்படி ஓடிய வழக்கு, பாலகிருஷ்ண ரெட்டி அமைச்சரான பிறகுதான் வேகம் எடுத்தது. காரணம் டெல்லியில் இருந்தது. அரசியல்வாதிகள் மீதான குற்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன என்று அஸ்வினி குமார் உபாத்யாய் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிறப்பு நீதிமன்றங்கள் அமைக்கும் திட்டத்துக்கு வழிவிட்டது. அதன்படி 2018-ல் சென்னையில் ஒன்று தொடங்கியது. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்து கட்டுகள் அங்கே போயின. பாகலூர் கட்டும் போனது. இருபது ஆண்டு நகராத வழக்கு, சில மாதங்களில் தீர்ப்புக்கு வந்துவிட்டது.

இதில் யாரும் பேசாத ஒரு கூட்டம் உண்டு. அந்தத் தீர்ப்பில் அமைச்சரோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்ட மற்றவர்கள். அவர்கள் எம்.எல்.ஏ.க்கள் இல்லை. அவர்கள் பெயர் எந்தத் தொலைக்காட்சியிலும் ஓடவில்லை. ஆனால் தங்களோடு ஒருவர் அமைச்சரானதால், அவர்களுடைய வழக்கும் ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ள சென்னைக்குப் போனது. வாலிப வயதில் மறியலுக்குப் போனவர் நடுத்தர வயதைத் தாண்டித் தீர்ப்பு கேட்டார். கேஸ் இருக்கிறது என்றால் அரசு வேலை கிடைப்பது கஷ்டம், பாஸ்போர்ட் எடுப்பது கஷ்டம், பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். அமைச்சருக்குப் போன பதவியை நாடே கணக்குப் பார்த்தது. இவர்களுக்கு என்னென்ன போனது என்று கணக்கெடுக்க ஆளில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 8-ஆவது பிரிவு, எந்தெந்தத் தண்டனைக்குப் பதவி போகும் என்று சொல்கிறது. ஊழல், தீண்டாமைக் கொடுமை, போதைப்பொருள் போன்ற சில குற்றங்களைத் தனியாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அவற்றில் தண்டனையின் அளவு பெரிதாகப் பார்க்கப்படுவதில்லை. பட்டியலில் இல்லாத மற்ற எந்தக் குற்றமானாலும், இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால், அந்த நாளிலிருந்தே தகுதியிழப்பு. தண்டனையை அனுபவித்து வெளியே வந்த பிறகும் ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது. ஆக, பாலகிருஷ்ண ரெட்டியைப் பொறுத்தவரை என்ன குற்றம் என்பது இரண்டாம்பட்சம். மூன்று ஆண்டு என்ற அந்த எண்தான் பதவியைப் பறித்தது. அதே வழக்கில் அதே நீதிமன்றம் ஒன்றரை ஆண்டு என்று தீர்ப்பளித்திருந்தால் அவர் மறுநாள் கோட்டைக்குப் போய் வழக்கம்போல் கோப்பில் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

2013 ஜூலை வரை பதவியில் இருப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. தண்டனை வந்த மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால், அது முடியும்வரை பதவி போகாது. மேல்முறையீடு பத்து ஆண்டு இழுத்தால் பத்து ஆண்டும் பதவியில் இருக்கலாம். சாதாரண வேட்பாளருக்கு ஒரு சட்டம், பதவியில் இருப்பவருக்கு ஒரு சட்டமா என்று கேட்டு, 2013 ஜூலை 10-ல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். அதைச் செல்லாததாக்க அன்றைய மத்திய அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் கடும் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு தண்டனை என்றால் அந்த நிமிடமே பதவி போயிற்று என்றாகிவிட்டது. 2014 செப்டம்பர் 27-ல் சொத்துக் குவிப்பு வழக்கில் முதல்வர் ஜெயலலிதாவே அப்படித்தான் பதவியிழந்தார்.

எம்.எல்.ஏ.வாக இல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 164-ஆவது பிரிவு சொல்கிறதே, அதை வைத்து அவர் தொடர்ந்திருக்க முடியாதா என்று சிலர் கேட்பதுண்டு. முடியாது. 2001 செப்டம்பரில் பி.ஆர்.கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. அந்த வழக்கும் ஜெயலலிதா சம்பந்தப்பட்டதுதான். தேர்தலில் நிற்கவே தகுதியில்லாதவர் ஒரு நாள்கூட அமைச்சராக இருக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. அதனால்தான் ராஜினாமா அன்றே நடந்தது.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. சிறப்பு நீதிமன்றமே தண்டனையை நிறுத்தி வைத்தது, அவர் சிறைக்குப் போகவில்லை. பின்னே ஏன் பதவி போனது? ஏனென்றால் நிறுத்தப்பட்டது சிறைவாசம் மட்டும். ‘இவர் குற்றவாளி’ என்ற முடிவு அப்படியே நின்றது. அந்த முடிவையே மேல் நீதிமன்றம் நிறுத்தி வைத்தால்தான் தகுதியிழப்பு விலகும் என்பதை 2018-ல் லோக் பிரஹரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட உத்தரவை மேல் நீதிமன்றங்கள் லேசில் கொடுப்பதில்லை. பாலகிருஷ்ண ரெட்டிக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஆட்சியே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. 234 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 20 இடங்கள் ஏற்கனவே காலி. கருணாநிதியின் திருவாரூர், ஏ.கே.போஸின் திருப்பரங்குன்றம், அப்புறம் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்த 18 பேரின் தொகுதிகள். ஓசூர் 21-ஆவதாகச் சேர்ந்தது. மார்ச்சில் சூலூர் எம்.எல்.ஏ. இறந்தபோது 22 ஆனது. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வின் தலையையும் எண்ணிக்கொண்டிருந்த அரசுக்கு ஓசூர் போனது சாதாரண இழப்பில்லை.

அந்த 18 பேரில் இருவர் தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். ஒருவர் அரூர் ஆர்.முருகன். இன்னொருவர் பாப்பிரெட்டிப்பட்டி பி.பழனியப்பன். 2011 முதல் 2016 வரை ஜெயலலிதா அமைச்சரவையில் உயர்கல்வித் துறை அமைச்சராக இருந்தவர் பழனியப்பன். அவருக்குப் பிறகு அதே துறை அதே மாவட்டத்தின் பாலக்கோடு எம்.எல்.ஏ. கே.பி.அன்பழகனுக்குப் போனது. பத்தாண்டுக் காலம் தமிழ்நாட்டின் உயர்கல்வித் துறை தர்மபுரியின் கையில் இருந்தது. படிப்பறிவில் பின்தங்கிய மாவட்டம் என்று பேர் வாங்கிய ஊருக்கு அது பெருமைதான்.

பழனியப்பன் பதவியிழந்த கதையை ஓசூர் கதையோடு வைத்துப் பார்த்தால் சட்டத்தின் கோணல் தெரியும். 2017 ஆகஸ்டில் டிடிவி தினகரன் பக்கம் நின்ற எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரைச் சந்தித்து, முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தனபால் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் கீழ் 18 பேரையும் நீக்கினார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு தந்தார்கள். மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25-ல் நீக்கம் செல்லும் என்றார். ஆனால் கட்சித்தாவலுக்காக நீக்கப்பட்டவர் மறுநாளே தேர்தலில் நிற்கலாம். எந்தத் தடையும் கிடையாது. அமைச்சராவதற்குத்தான் மறுபடி ஜெயித்து வர வேண்டும். அதனால் பழனியப்பன் 2019 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் அமமுக வேட்பாளராக நின்றார். 2021-ல் பாப்பிரெட்டிப்பட்டியில் நின்றார். இரண்டிலும் தோற்று, பிறகு திமுகவில் சேர்ந்தார். ஜெயித்தாரா தோற்றாரா என்பதை ஜனங்கள் முடிவு செய்தார்கள், அதுதான் முக்கியம். பாலகிருஷ்ண ரெட்டிக்கு அந்த வாய்ப்பே இல்லை. மக்கள் கொடுத்த ஓட்டை வைத்துக்கொண்டு கட்சி மாறியதாக நீக்கப்பட்டவர் உடனே மக்களிடம் போகலாம். மேல்முறையீட்டில் இருப்பவர் போக முடியாது.

2019 ஏப்ரல் 18. மக்களவைத் தேர்தலோடு ஓசூர், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் மூன்றுக்கும் இடைத்தேர்தல் நடந்தது. ஓசூரில் அதிமுக பாலகிருஷ்ண ரெட்டியின் மனைவி ஜோதியை நிறுத்தியது. கணவர் நிற்க முடியாத இடத்தில் மனைவியை நிறுத்துவது நம் கட்சிகளுக்குப் பழகிய வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெண்கள் அரசியலுக்கு வருவது அவர்கள் உழைப்பால் வர வேண்டும், காலியிடத்தை நிரப்ப வரக் கூடாது. ஓசூர் வாக்காளர்கள் திமுகவின் எஸ்.ஏ.சத்யாவை 20 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தார்கள். தர்மபுரி மாவட்டத்தின் இரண்டு தொகுதிகளிலும் முடிவு நேர்மாறாக வந்தது. அதே நாளில், அதே ஜனங்கள் மக்களவைக்குத் திமுகவின் செந்தில்குமாரை அனுப்பிவிட்டு, பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரூரிலும் அதிமுகவைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநிலம் முழுக்க நடந்த 22 இடைத்தேர்தல்களில் அதிமுகவுக்குக் கிடைத்தது 9. ஆட்சியைக் காப்பாற்றிய அந்த ஒன்பதில் இரண்டு தர்மபுரி மாவட்டத்திலிருந்து போனவை. எங்கள் பக்கத்து வாக்காளருக்கு அரசியல் தெரியாது என்று சென்னையில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

அப்புறம் 2021 பொதுத்தேர்தல். ஓசூரில் மறுபடியும் ஜோதி நின்றார், திமுகவின் ஒய்.பிரகாஷிடம் தோற்றார். சத்யா 2022-ல் ஓசூர் மாநகராட்சியின் முதல் மேயரானார். ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது 2019 பிப்ரவரியில், பாலகிருஷ்ண ரெட்டி பதவியிழந்து ஒரு மாதம் கழித்து. பழைய நகராட்சித் தலைவராக இருந்து அமைச்சரானவர், தன் ஊர் மாநகராட்சியாகும்போது சட்டமன்றத்துக்கு வெளியே நின்றார். 2016-ல் தோற்ற கோபிநாத் 2024-ல் கிருஷ்ணகிரி எம்.பி. ஆகிவிட்டார்.

இந்த நிலையில்தான் 2023-ல் விடுதலைத் தீர்ப்பு வந்தது. தண்டனை ரத்தானதால் இனி தேர்தலில் நிற்க அவருக்குத் தடை இல்லை. ஆனால் 2019-ல் போன தொகுதியை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது. அங்கே வேறொருவர் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்தச் சட்டமன்றமே கலைந்து முடிந்துவிட்டது.

மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். லட்சத்தீவு எம்.பி. முகமது பைசலுக்கு 2023 ஜனவரியில் தண்டனை வந்தது. இடைத்தேர்தல் தேதிகூட அறிவித்துவிட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தியதும் தேர்தல் நின்றது, இரண்டு மாதத்தில் பதவி திரும்பியது. ராகுல் காந்திக்கு 2023 மார்ச்சில் போன வயநாடு எம்.பி. பதவி, உச்ச நீதிமன்றத் தடையால் ஆகஸ்டில் வந்துவிட்டது. நம் மாநிலத்தில் பொன்முடி 2023 டிசம்பரில் தண்டனை பெற்று அமைச்சர் பதவியையும் திருக்கோவிலூர் தொகுதியையும் இழந்தார். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தியது, எம்.எல்.ஏ. பதவி மீண்டது. பதவிப் பிரமாணம் செய்து வைக்க ஆளுநர் மறுக்க, உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு மார்ச் 22-ல் மறுபடி அமைச்சரானார். இவர்கள் மூவருக்கும் பொதுவான ஒன்று: தடை உத்தரவு வரும்போது அவர்கள் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்திருக்கவில்லை.

ஜெயலலிதாவுக்கு நடந்தது இதற்கு மறுபக்கம். அவருக்குத் தடை கிடைக்கவில்லை, ஸ்ரீரங்கத்தில் 2015 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்துவிட்டது. மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தபோது திரும்பிப் போகத் தொகுதி இல்லை. ஆர்.கே.நகர் எம்.எல்.ஏ. வெற்றிவேல் ராஜினாமா செய்து இடம் கொடுத்தார். கட்சித் தலைவருக்காக ஒரு தொகுதியைக் காலி செய்ய ஆள் வருவார்கள். முன்னாள் மாவட்ட அமைச்சருக்காக யார் செய்வார்கள்? அதோடு, ஜெயலலிதாவுக்கு விடுதலை எட்டு மாதத்தில் வந்தது. பாலகிருஷ்ண ரெட்டிக்கு நாலரை ஆண்டு.

இதைப் படித்துவிட்டு, தண்டனை பெற்றவர்கள் பதவியில் தொடரட்டும், பழைய பாதுகாப்பைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பாதுகாப்பு இருந்த காலத்தில் கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்கள்கூட மேல்முறையீட்டைக் காட்டி எம்.பி.யாக உட்கார்ந்திருக்க வழி இருந்தது. அது திரும்பி வரக் கூடாது. இடைத்தேர்தலைத் தள்ளிப் போடுவதும் தீர்வில்லை. சபாநாயகரின் நீக்கம் நீதிமன்றத்தில் இழுத்ததால் பாப்பிரெட்டிப்பட்டியும் அரூரும் 2017 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தன. ஏரிக்குத் தண்ணீர் கேட்டும், பஸ் வசதி கேட்டும் மனு எழுதிய ஜனங்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை. காலியான தொகுதிக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்ற விதி ஜனங்களுக்காக இருக்கும் விதி. அதில் கை வைக்கக் கூடாது.

கை வைக்க வேண்டிய இடம் வேறு. உச்ச நீதிமன்றம் சிறப்பு நீதிமன்றங்களை உருவாக்கியபோது விசாரணைக்கு வேகம் கொடுத்தது. 2023 நவம்பரிலும், இந்த வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் தாமாக முன்வந்து கண்காணிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்லது. ஆனால் விசாரணை நீதிமன்றம் விரைவாகத் தீர்ப்பு சொன்ன பிறகு, அந்தக் கட்டு உயர் நீதிமன்றத்துக்கு வந்ததும் மற்ற ஆயிரக்கணக்கான மேல்முறையீடுகளோடு வரிசையில் நின்றுவிடுகிறது. தண்டனை உடனே அமலுக்கு வரும், அது சரியா தவறா என்ற ஆய்வு மட்டும் மெதுவாக நடக்கும் என்றால் அந்த ஏற்பாடு பாதியில் நிற்கிறது. பதவியிழப்பு ஏற்படுத்தும் தண்டனைகளின் மீதான மேல்முறையீட்டை, இடைத்தேர்தலுக்கு உள்ள அதே ஆறு மாதத்துக்குள் கேட்டு முடிக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தால் போதும். குற்றவாளி என்றால் அது உறுதியாகட்டும், பிறகு தேர்தல் நடக்கட்டும். நிரபராதி என்றால் மக்கள் கொடுத்த பதவி அவரிடமே இருக்கட்டும். கூடவே தண்டிக்கப்பட்ட, பெயர் தெரியாத ஊர்க்காரர்களுக்கும் அதே ஆறு மாதத்தில் விடிவு பிறக்கும்.

பாகலூர் வழக்கில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் மேல்முறையீடு 2019 ஜூலைக்குள் முடிந்திருக்கும். நடந்ததோ, 2021 தேர்தலில் ஓசூர் வாக்குச்சீட்டில் யார் பெயர் வரலாம், யார் பெயர் வரக் கூடாது என்று முடிவான நாளில்கூட, அந்த மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது.